வங்கத்து மார்கழியும் வழி தவறிய பறவைகளும்



கார்த்திகை கழிந்து மார்கழி பிறக்கும் வேளையில் கரியாஹாட் நாற்சந்தி தன் கோலத்தை மாற்றிக்கொள்கிறது. நடைபாதைக் கடைகளில் பருத்திச் சேலைகளுக்கு அருகே கம்பளிச் சட்டைகள் தொங்குகின்றன. சந்தையினுள் 'நொலேன் குட்' என்று வங்காளிகள் போற்றும் புதிய ஈச்ச வெல்லம் வந்து குவிகிறது. கரியாஹாட்டிலும் லேக் மார்க்கெட்டைச் சுற்றியுள்ள தெருக்களிலும் குடியேறிய நம் தமிழ்க் குடும்பங்களுக்கு இப்பருவ மாற்றம் பழகிப்போன ஒன்றே. அதே வாரங்களில் நம் தலைக்கு மேலே, பெரும்பாலும் நாம் உறங்கும் நேரத்தில், வேறொரு கூட்டமும் இந்நகரில் வந்து இறங்குகிறது. சைபீரியாவிலிருந்தும், நடு ஆசியாவிலிருந்தும், இமயத்தின் சரிவுகளிலிருந்தும் வரும் பறவைக் கூட்டம் அது. அக்கூட்டத்தில் ஆண்டுதோறும் வருவன பல. எப்போதோ ஒருமுறை, எதிர்பாராமல் வருவன சில. அந்தச் சிலவற்றைப் பற்றியே இன்று பேச எண்ணுகிறேன்.

பறவைகள் பருவந்தோறும் இடம் பெயர்கின்றன என்பது தமிழருக்குப் புதிய செய்தியன்று. குமரித் துறையில் மேய்ந்து வடமலைக்குத் திரும்பும் அன்னச் சேவலை விளித்துப் பிசிராந்தையார் பாடியிருக்கிறார். வறுமையால் மதுரையில் வாடிய சத்திமுத்தப் புலவர், தென்திசைக் குமரி ஆடி வடதிசை செல்லும் செங்கால் நாரையிடம் தம் மனைவிக்குச் செய்தி சொல்லி அனுப்பினார். நாரை தெற்கே வந்து மீண்டும் வடக்கே போகும் என்பதைப் புலவரும் அறிந்திருந்தார், பாட்டைக் கேட்டவர்களும் அறிந்திருந்தனர். அறியாத ஊரில் அப்பாட்டுக்குப் பொருளே இராது.

முதலில் வழக்கமான விருந்தினரைச் சொல்லிவிடுவோம். ஊசிபோல் நீண்ட வாலுடைய ஊசிவால் வாத்து, கருவால் வாத்து, நீலச்சிறகி, தட்டையான அலகால் நீரை அரித்து உண்ணும் ஆண்டி வாத்து, சிறு உருவக் கிளுவை ஆகிய காட்டு வாத்துகள் ஏரிகளை நாடி வருவன. தரையில் ஓடி ஓடி வாலை ஆட்டும் வாலாட்டிக் குருவிகளும், வேலிமேல் அமர்ந்து கீச்சிடும் பழுப்புக் கீச்சானும் நகரத் தோட்டங்களிலேயே காணக் கிடைப்பன. இவற்றுள் பல நம் தமிழ்நாட்டுக்கும் போகின்றன. பட்டைத்தலை வாத்து ஏறத்தாழ 7,000 மீட்டர் உயரம்வரை எழுந்து இமயத்தைக் கடப்பதைக் கருவிகள் பொருத்தி ஆராய்ந்து கண்டிருக்கின்றனர். அவ்வாறு வருவனவற்றுள் ஒரு பகுதி திருநெல்வேலிச் சீமையின் கூந்தன்குளம்வரை சென்று தங்குகின்றது.

இனி, எதிர்பாராத விருந்தினர் எவ்வாறு வருகின்றனர் என்பதைக் காண்போம். பறவைக்கு வழி காட்டுவன எவை? பகலில் கதிரவன் நிற்கும் இடம், இரவில் விண்மீன்கள், பூமியின் காந்த விசை ஆகியவற்றைப் பறவைகள் பயன்படுத்துகின்றன என்பது பல சோதனைகளால் தெளிவாகியுள்ளது. ஆனால் திசை அறிவது வேறு, ஊர் அறிவது வேறு. இவ்வேறுபாட்டை டச்சு நாட்டு அறிஞர் பெர்டெக் 1958இல் வெளியிட்ட ஓர் ஆராய்ச்சி அழகாக விளக்கியது. மைனா இனத்தைச் சேர்ந்த குருவிகள் இலையுதிர் காலத்தில் ஹாலந்து வழியாகத் தென்மேற்கே பறந்து, வட பிரான்சிலும் தென் இங்கிலாந்திலும் குளிர்காலத்தைக் கழிப்பன. அவற்றுள் பதினோராயிரத்துக்கும் மேற்பட்டவற்றைப் பல ஆண்டுகளில் பிடித்து, காலில் வளையமிட்டு, விமானத்தில் ஏற்றிச் சுவிட்சர்லாந்துக்குக் கொண்டுசென்று விடுவித்தனர். முன்பே பயணம் செய்து பழகிய முதிய பறவைகள் தாம் இடம் மாற்றப்பட்டதை உணர்ந்து, வடமேற்கே திரும்பித் தம் வழக்கமான இடத்தை நாடின. முதன்முறை பயணம் செய்யும் இளம் பறவைகளோ, பிறவியிலேயே பெற்ற தென்மேற்குத் திசையைக் கைவிடாமல் பறந்து, முன்னோர் காணாத தென் பிரான்சையும் ஸ்பெயினையும் போய்ச் சேர்ந்தன!

இளம் பறவையிடம் இருப்பது திசையும் தொலைவும் குறித்த ஓர் உள்ளுணர்வு மட்டுமே. காற்று ஒன்று பக்கவாட்டில் தள்ளிவிட்டாலும், அவ்வுள்ளுணர்வே சற்றுப் பிறழ்ந்திருந்தாலும், அது வேறோர் ஊரில் இறங்கிவிடும். வேறு இன வாத்துக் கூட்டத்தோடு சேர்ந்து, அவை போகும் வழியே போய்விடுவதும் உண்டு. முகத்தில் பச்சையும் மஞ்சளும் கறுப்பும் கோலமிட்டாற்போல் அமைந்த பைக்கால் கிளுவை, கிழக்கு ஆசியாவில் குளிர்காலத்தைக் கழிக்க வேண்டியது. அது தனி ஒன்றாய், நூற்றுக்கணக்கான சாதாரணக் கிளுவைகளின் நடுவே, வட இந்திய நீர்நிலைகளில் எப்போதோ காணப்படுகிறது.

2021 பிப்ரவரியில் அஸ்ஸாமின் தின்சுகியா மாவட்டத்து மாகுரி பீலில் நிகழ்ந்ததை நேயர்கள் சிலர் செய்தித்தாள்களில் படித்திருக்கலாம். பீல் என்பது அந்நாட்டில் ஆற்றோரச் சதுப்பு ஏரிக்குப் பெயர். சீனம், ஜப்பான் முதலிய நாடுகளுக்குரிய மாண்டரின் வாத்து ஒன்று அங்கு வந்து நீந்தியது. ஆரஞ்சு நிறப் பாய்போல் நிமிர்ந்த இறகுகள், சிவந்த அலகு, கண்ணுக்கு மேல் வெள்ளைப் பட்டை. காட்டில் திரியும் பறவை என்றே நம்ப முடியாத அலங்காரம்! அப்பகுதியில் அதற்கு முந்திய பதிவு 1902ஆம் ஆண்டைச் சேர்ந்தது. நூறாண்டுக்கு மேல் காணாத பறவையைக் காணத் தொலைவிலிருந்தெல்லாம் மக்கள் வந்தனர். அதற்கு முந்திய ஆண்டு, 2020 மே மாதத்தில், அந்த ஏரிக்கு அருகிலுள்ள பாக்ஜான் எண்ணெய்க் கிணற்றில் வாயு வெடித்து வெளியேறி, பின்னர்த் தீயும் மூண்டது. நீர்நிலை பெரிதும் கெட்டது. அப்படிப்பட்ட இடத்திலும் ஒரு விருந்து வந்தது என்பதை அவ்வூரார் மறந்திருக்கமாட்டார்கள்.

இத்தகைய செய்தி வந்தவுடன் அறிஞர் கேட்கும் முதற் கேள்வி, "இது கூண்டிலிருந்து தப்பியதா?" என்பதுதான். மாண்டரின் வாத்தை உலகெங்கும் அழகுக்காக வளர்க்கின்றனர். விலங்குக் காட்சிசாலையும் பழைய பறவைச் சந்தைகளும் உள்ள கொல்கத்தா போன்ற நகரில் இவ்வையம் இன்னும் வலுப்பெறும். இறகு தேய்ந்துள்ளதா, காலில் வளர்ப்பு வளையம் உண்டா, மனிதரைக் கண்டால் அஞ்சுகிறதா, வேறு காட்டுப் பறவைகளோடு சேர்ந்து வந்ததா என்றெல்லாம் பார்த்த பிறகே ஏற்பர்.

ஆனால் பறவைச் சந்தையே இந்நகரின் பறவையியலுக்குப் பெருந்தொண்டு செய்த காலமும் ஒன்று இருந்தது. 1894இல் இந்தியன் மியூசியத்தில் பணியேற்ற ஃபிராங்க் ஃபின் என்ற ஆங்கிலேயர், 1903வரை கல்கத்தாவில் இருந்தார். குளிர்காலத்தில் காட்டு வாத்துகளை வலையில் பிடித்து, உயிருடனே கூடைகளில் கட்டிக் கல்கத்தாவுக்குக் கொண்டுவருவது அக்கால வாணிகம். வெள்ளைக்காரர் வீட்டுச் சமையலறைக்கு அவை போகும். சமையற்காரர்கள் கொழுத்ததைத் தேடிய அதே கூடைகளில் ஃபின் புதுமையைத் தேடினார். 1890களில் அவ்வாறு தேடியபோதுதான், இந்தியாவுக்கு வருவதாக அதுவரை எவரும் அறியாத பேயர் வாத்து என்ற முக்குளி வாத்தை அவர் கண்டெடுத்தார். கார்ல் எர்ன்ஸ்ட் ஃபான் பேயர் என்ற அறிஞரின் பெயரைத் தாங்கிய அப்பறவை, ரஷ்யாவுக்கும் சீனத்துக்கும் இடையே ஓடும் ஆமூர் ஆற்றுப் பகுதியிலும் வடகிழக்குச் சீனத்திலும் குஞ்சு பொரிப்பது. கல்கத்தாச் சந்தையில் அது ஒன்றிரண்டாக அன்றிப் பலவாகவே ஃபின்னின் கண்ணில் பட்டது. ஆண்டுதோறும் வந்து, பிடிபட்டு, விலைபோய்க்கொண்டிருந்த பறவை அது. அதற்கு முன் அதைக் கூர்ந்து பார்த்தவர் இல்லை, அவ்வளவே.

பார்ப்பவர் இல்லாமையால் நேரும் இழப்பு எத்தகையது என்பதற்கு அதே சந்தை இன்னொரு சான்றும் தருகிறது. இளஞ்சிவப்புத் தலை வாத்து என்றொரு பறவை இருந்தது. உடல் கரும்பழுப்பு, தலையும் கழுத்தும் மட்டும் ரோஜா நிறம். 'குலாப் சிர்', அதாவது ரோஜாத் தலை, என்று வடநாட்டார் அதை அழைத்தனர். 1790இல் லேதம் என்பவர் அதற்கு அறிவியற் பெயர் சூட்டினார். பீகார், வங்காளம், அஸ்ஸாம் பகுதிகளில் உயர்ந்த கோரைப்புல் மண்டிய சதுப்பு நிலங்களில் மறைந்து வாழ்ந்த அது, பந்துபோல் உருண்டையான முட்டையிடும். வேறு எந்த வாத்துக்கும் இல்லாத விந்தை அது. பத்தொன்பதாம் நூற்றாண்டின் பிற்பகுதியில் அதுவும் கல்கத்தாச் சந்தைக்கு வந்தது. எப்போதும் குறைவாகவே வந்தது. அதனால் குறைந்துகொண்டே வருவதை எவரும் உணரவில்லை. சதுப்பு நிலங்கள் வயல்களாயின. வேட்டைத் துப்பாக்கிகளும் பெருகின. 1935இல் தர்பங்கா மாவட்டத்தில் இங்கிலிஸ் என்பவர் சுட்ட ஒரு பறவை, கடைசிப் பதிவுகளுள் ஒன்றாக நூல்களில் இடம்பெற்றுள்ளது. கல்கத்தாவின் எஸ்ரா குடும்பத்தைச் சேர்ந்த ஆல்ஃபிரட் எஸ்ரா இங்கிலாந்தில் தம் தோட்டத்தில் சில பறவைகளை வளர்த்தார். அவையும் இரண்டாம் உலகப் போரின் காலத்தோடு மறைந்தன. 1949க்குப் பின் காட்டில் கண்டதாக உறுதியான சான்று இல்லை. இந்த நூற்றாண்டில் வட பர்மாவின் சதுப்பு நிலங்களிலும் தேடிப் பார்த்துவிட்டனர், கிடைக்கவில்லை. உலகத்துப் பொருட்காட்சி சாலைகளில் எண்பது அளவிலான பதப்படுத்திய உடல்கள் மட்டும் எஞ்சியுள்ளன.

அப்பறவையைக் கொன்று தின்றவர்கள் கொடியவர்கள் என்று சொல்லிவிடுவது எளிது. உண்மையில் நிகழ்ந்தது அதைவிடச் சாதாரணமானது. ஓர் ஆண்டுக்கு எத்தனை வந்தன, எந்த ஏரியிலிருந்து வந்தன, முந்திய ஆண்டில் எத்தனை என்று ஒரு குறிப்பேட்டில் எவரேனும் தொடர்ந்து எழுதியிருந்தால், 1900ஆம் ஆண்டையொட்டியே அபாயம் தெரிந்திருக்கும் என்பது என் கருத்து. 'அரிது' என்று எல்லாரும் சொன்னார்கள். எவ்வளவு அரிது என்று ஒருவரும் எண்ணவில்லை.

இப்போது ஃபின் கண்ட பேயர் வாத்தும் அதே பாதையில் நிற்கிறது. 2012 முதல் அது மிக அருகி அழியும் நிலையிலுள்ள இனம் என உலகப் பட்டியலில் சேர்க்கப்பட்டுள்ளது. உலகம் முழுவதிலும் மிகக் குறைவாகவே எஞ்சியிருப்பதாக மதிப்பிடுகின்றனர். சந்தையில் பலவாகக் கிடைத்த பறவை இன்று வங்கத்திலோ அஸ்ஸாமிலோ ஒன்று தென்பட்டாலும் பெருஞ் செய்தி. அதைத் தெரிந்துகொள்வதும் எளிதன்று. செம்பழுப்பு நிறமும் வெள்ளை விழியும் உடைய வேறொரு முக்குளி வாத்து ஆண்டுதோறும் இங்கு வருவது. பேயர் வாத்தின் ஆணுக்குத் தலை பச்சை மினுங்கும் கறுப்பு. நீரில் மிதக்கும்போது விலாவின் முன்புறத்தில் வெண்மை தெரியும். மற்றதற்குத் தலை செம்பழுப்பே. மாலை வெயிலில் இவ்விரண்டும் ஒன்றாகவே தோன்றும். இரண்டுக்கும் பிறந்த கலப்புப் பறவைகளும் உண்டு என்பதால் சிக்கல் இன்னும் கூடுகிறது.

1972ஆம் ஆண்டு வனவிலங்குப் பாதுகாப்புச் சட்டத்தின்படி, காட்டு வாத்துகளைப் பிடிப்பதும் விற்பதும் இன்று குற்றம். ஆகவே ஃபின் செய்தாற்போல் கூடைகளில் தேட இனி வழியில்லை, தேவையுமில்லை. ஏரிகளிலேயே தேட வேண்டும். ஏரிகளின் கதையோ அவ்வளவு மகிழ்ச்சி தருவதன்று. நகரின் கிழக்கே பரந்து கிடந்த உப்பு ஏரிகள் ஒரு காலத்தில் உள்ளானுக்கும் வாத்துக்கும் பேர்போனவை. 1962இல் தொடங்கி ஹூக்ளி ஆற்று வண்டலைக் குழாய் வழியே கொண்டுவந்து அவற்றின் வடபகுதியை நிரப்பினர். இன்றைய சால்ட் லேக் நகரம் அதன்மேல் நிற்கிறது. எஞ்சியுள்ள 125 சதுர கிலோமீட்டர் ஈரநிலம், நகரின் கழிவுநீரைக் கொண்டே மீன் வளர்க்கும் அதிசயமான முறையால் உயிர்பிழைத்து, 2002இல் ராம்சார் உடன்படிக்கையின் கீழ் உலக முக்கியத்துவம் பெற்றது.

அலிப்பூர் விலங்குக் காட்சிசாலையின் குளத்தில் ஆயிரக்கணக்கான வாத்துகள் குளிர்காலத்தில் அடைந்து கிடந்ததை முதிய கல்கத்தாத் தமிழர்கள் நினைவுகூர்வர். சுற்றிலும் உயர்ந்த கட்டடங்கள் எழுந்த காலத்தில் அவை படிப்படியாகக் குறைந்தன. இப்போது வாத்துகளைக் காண விரும்புவோர் ஹூக்ளியைக் கடந்து சாந்த்ராகாச்சிக்குப் போகின்றனர். சென்னைக்கு ரயிலேறும் நம்மவர் பலருக்கு அது ஒரு ரயில் நிலையத்தின் பெயர் மட்டுமே. நிலையத்தை ஒட்டியே ரயில்வேக்குச் சொந்தமான பெரிய ஏரி ஒன்று உண்டு. சொராலி என்று வங்காளத்தில் வழங்கும் சீழ்க்கைச் சிறகிகள் அங்கு ஆயிரக்கணக்கில் கூடும். அவை இந்நாட்டுப் பறவைகளே. அக்கூட்டத்தின் ஓரத்தில்தான் ஊசிவாலும் கருவாலும் நீலச்சிறகியும், அதிர்ஷ்டமிருந்தால் எதிர்பாராத ஒன்றும், கலந்திருக்கும்.

அந்த ஏரியைக் காப்பதில் ஒரு நுட்பம் உண்டு. ஆகாயத்தாமரை நீர் முழுவதையும் மூடிவிட்டால் வாத்து இறங்க இடமில்லை. முழுவதையும் அகற்றிவிட்டால் பகலில் அமர்ந்து உறங்க இடமில்லை. ஆகவே குளிர் தொடங்குமுன் பெரும்பகுதியை அகற்றி, எஞ்சியதைச் சிறு சிறு தீவுகளாக விட்டுவைக்க வேண்டும். அந்த வேலை தாமதமான ஆண்டுகளில் வாத்துகள் வானில் வட்டமிட்டுவிட்டு வேறிடம் போய்விடும். அரிய பறவையைக் காப்பது என்பது பல வேளைகளில் இப்படி உரிய மாதத்தில் களை எடுக்கும் காரியமாகவே முடிகிறது.

இவ்வளவு தூரம் போக இயலாதவர்க்குக் கரியாஹாட்டிலிருந்து கால் மணி நேர நடையில் ரவீந்திர சரோபர் இருக்கிறது. கரியாஹாட் சாலையில் தெற்கே நடந்து, கோல் பார்க்கில் வலப்புறம் திரும்பினால் சதர்ன் அவென்யூவின் தென்கரையில் ஏரி. 1920களில் நகர மேம்பாட்டு டிரஸ்ட் வெட்டிய இவ்வேரிக்கு 1958இல் கவியரசர் தாகூரின் பெயர் சூட்டப்பட்டது. ஆயினும் டாக்குரியா லேக் என்ற பழம்பெயரை விடாதவர் இன்றும் உண்டு. இங்கே வாத்துகளைவிடக் கரையோர மரங்களே கவனிக்கத்தக்கவை. வானின் நீலத்தில் பசுமை கலந்தாற்போன்ற ஈப்பிடிப்பான் இமயத்திலிருந்து இறங்கி வந்து உச்சிக் கிளையில் அமரும். உதிர்ந்த இலைகளைப் புரட்டிப் புழு தேடும் செந்தலைப் பூங்குருவி, நடைபயிலும் ஆயிரம் பேருக்கு நடுவே ஒருவர் கண்ணிலும் படாமல் ஒரு குளிர்காலத்தைக் கழித்துவிட வல்லது. அது அரிய பறவை அன்று, ஒளியும் பறவை. இவ்விரண்டையும் ஒன்றாக எண்ணிவிடுவது புதியவர் பலரிடம் காணும் வழக்கம்.

ஏதேனும் புதிய பறவை கண்ணில் பட்டால், உடனே பெயரைத் தேடிப் புத்தகத்தைப் புரட்ட வேண்டா. பறவை புத்தகத்துக்காகக் காத்திராது. நாள், நேரம், எந்தக் கரை, எந்த மரம், உருவில் மைனாவைவிடப் பெரிதா சிறிதா, அலகின் வடிவம், கண்ணைச் சுற்றி நிறம், பறக்கும்போது சிறகிலோ வாலிலோ வெண்மை தெரிந்ததா, உடன் எத்தனை இருந்தன என்பவற்றை அங்கேயே எழுதிக்கொள்ளுங்கள். கைப்பேசியில் மங்கலாக ஒரு படம் கிடைத்தாலும் நல்லதே. வழக்கமாகக் காணும் பறவைகளின் எண்ணிக்கையையும் சேர்த்தே எழுதுங்கள். பத்து ஆண்டுக் காலம் ஒரே கரையில் எழுதிய வாலாட்டிக் குருவிகளின் கணக்கு, ஒரு நாள் கண்ட மாண்டரின் வாத்தைவிட ஆராய்ச்சியாளருக்கு அதிகம் பயன்படும். தமிழ்நாட்டில் 2015 முதல் பொங்கல் விடுமுறை நாட்களில் பொதுமக்களே பறவைகளைக் கணக்கெடுத்துப் பதிவு செய்து வருகின்றனர். கால் மணி நேரம் ஓரிடத்தில் நின்று எண்ணினாலும் போதும் என்பது அதன் விதி. பொங்கலுக்கு ஊர் போக இயலாமல் இங்கேயே பானை வைக்கும் குடும்பங்கள், அன்று மாலை ஏரிக்கரையில் அந்தக் கால் மணி நேரத்தைச் செலவிடலாமே! நாடு முழுவதற்கும் பொதுவான இணையப் பதிவேட்டில் அக்கணக்கும் சேரும்.

தமிழர் ஒருவர் இத்துறையில் கல்கத்தாவுக்கு ஆற்றிய தொண்டையும் இங்குச் சொல்லவேண்டும். நாவலாசிரியர் அ. மாதவையாவின் மகன் மா. கிருஷ்ணன் மயிலாப்பூரில் இருந்துகொண்டே, கல்கத்தாவின் ஸ்டேட்ஸ்மன் பத்திரிகைக்கு 1950 முதல் 1996இல் தாம் மறையும்வரை 'கண்ட்ரி நோட்புக்' என்ற பகுதியை எழுதிவந்தார். காகம், அணில், வீட்டுக் கூரை மைனா ஆகியவற்றைப் பற்றியும் அவர் அதே அக்கறையோடு எழுதினார். அரிதைத் தேடி அலைவோரிடம் அவ்வக்கறையைக் காண்பது அரிதே.

மாசி முடிந்து பங்குனி வெயில் ஏறத் தொடங்கும்போது வாத்துகள் ஒவ்வொரு கூட்டமாக வடக்கே எழும். சாந்த்ராகாச்சியில் சொராலிகளும் கலைந்து உள்நாட்டுக் குளங்களுக்குப் பிரியும். அப்போது கவனிக்க இன்னொன்று உண்டு. நம் ஊர்த் தோட்டங்களில் குளிர்காலம் முழுவதும் தங்கி, விடியலிலும் அந்தியிலும் ஏறத்தாழ ஆறு மணிக்குக் குரல் கொடுப்பதால் ஆறுமணிக்குருவி என்று பெயர் பெற்ற பறவை, அந்நாட்களில் தமிழ்நாட்டை விட்டு வடக்கே புறப்படும். ஏப்ரல், மே மாதங்களில் தென் வங்கத்து மரச் செறிவுகளில் அது வந்து சேர்ந்திருப்பதை அதன் இரட்டைச் சீழ்க்கையால் அறியலாம். பச்சை முதுகும் நீலத் திட்டும் அடிவயிற்றுச் சிவப்புமாக ஒன்பது நிறம் காட்டும் அதனை இங்கே காண்பவர், எந்த நாளில் முதற்குரல் கேட்டது என்று குறித்து, ஊரிலுள்ள உறவினரிடம் அங்கே கடைசிக் குரல் எந்த நாளில் கேட்டது என்றும் கேட்டுக் குறித்துக்கொள்ளலாம்.